மெத்து ரொட்டி

என் வேலை போன விஷயம் என் மனைவிக்குத் தெரியவே கூடாது என்று முடிவெடுத்தேன். இந்த ஜென்மத்தில் நான் எடுத்த ஒரே உறுதியான முடிவு அதுதான். தெரிந்தால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்புவதுபோல் கிளம்புவேன். போய் உட்காருவது பூங்கா பெஞ்சில். கையில் அவள் கட்டிக்கொடுத்த, நீர்மூழ்கிக் கப்பல் மாதிரி நீளமான சப்மரீன் சாண்ட்விச். மூழ்கிக்கொண்டிருந்தது நான்.

அதற்கு ரொட்டி பொறுக்குவதில் அவளை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. கடையில் ஒவ்வொரு நீள ரொட்டியாக அமுக்கிப் பார்ப்பாள். மேல்தோல் மொறுமொறுவென்று இருக்க வேண்டும். பக்கவாட்டில் கீறுவாள், மறுபக்கம் ஒட்டியே இருக்கும். உள்ளே இருக்கும் பஞ்சைக் கொஞ்சம் பிய்த்தெடுத்துவிட்டு, கீறிய முகத்தைக் கல்லில் போட்டுச் சிவக்க வாட்டுவாள். அப்போதுதான் மதியம் வரை சாஸில் ஊறாமல் தாங்குமாம்.

நான் எங்கே மதியம் வரை தாங்கினேன்? வேலையில்லாதவனுக்குப் பசி மட்டும் சீக்கிரமே டியூட்டிக்கு வந்துவிடுகிறது. பெஞ்சில் உட்கார்ந்ததுமே பொட்டலத்தைப் பிரித்துவிடுவேன். சாஸ் ஊறுவதற்கு முன்பே தின்பதால் அந்த மேல்தோல் இறங்க மாட்டேன் என்னும். ஈறெல்லாம் புண். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"மெத்துன்னு இருக்கிற ரொட்டி வாங்கக் கூடாதா?"

"மதியத்துக்குள்ள கூழாயிடுமே."

"அதெல்லாம் ஆகாது. நீ வாங்கு."

"வாட்டவும் வேணாமா?"

"வேணாம்."

அவள் மறுபேச்சுப் பேசவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் மெத்தென்ற ரொட்டி. சொர்க்கம். சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைத்ததும் கேட்டாள்.

"சாண்ட்விச் எப்படி இருந்தது?"

"பிரமாதம்! பூ மாதிரி. கொஞ்சம்கூட ஊறல."

"எனக்கும் அதே மாதிரி ஒண்ணு பண்ணி வெச்சேன். மதியம் எடுத்தா, ஸ்பூன் தேவைப்பட்டுச்சு."

நான் குனிந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தேன்.

"எந்த ஆபீஸ்லங்க காலங்காத்தால சாப்பாட்டு மணி அடிக்கிறாங்க?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுதுகூடப் பார்த்தேன். அவள் திட்டவில்லை, அதுதான் அதிக பயமாக இருந்தது. உள்ளே போய் ஒரு ரொட்டியையும் கத்தியையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"ரொட்டிக் கடையில ஆள் கேட்டாங்க. நாளையிலேர்ந்து போறேன். எனக்குக் கெட்டி ரொட்டியா, நல்லா வாட்டிக் கட்டிக் குடுங்க. நான் நிஜமாவே மதியம்தான் சாப்பிடுவேன்."