யானை எத்தனை மணிக்கு வரும்?

இந்த உலகத்தில் கேட்க முடிந்த வழியை எல்லாம் கேட்டு முடித்த மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் ஓசூர் ஃபேக்டரியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்த 'எப்டிப்போறது'தான். விருதுநகர் பக்கத்துக்காரர். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் மட்டும் இருந்தது.

ஊர் சுற்றுகிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் நானும் இருந்தேன். பொழுது விடிந்ததும் அவர் கேள்வி வந்து விழும். "ஓசூரிலிருந்து தொரப்பள்ளி எப்படிப் போவது? தங்க வசதி உண்டா?" இங்கே ஊற்றிய டீ ஆறுவதற்குள் தொரப்பள்ளி போய்விடலாம். "பெங்களூரில் கன்னடம் பேசுவார்களா?" என்று இன்னொரு நாள். அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கத்துவதே கன்னடத்தில்தான்.

ஒருமுறை கெலமங்கலம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "கெலமங்கலத்துக்கு பஸ் இருக்கா?" என்று குழுவில் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அதுலதான உக்காந்திருக்கோம்?" என்றேன்.

"இருக்கட்டும்ண்ணே. நாலு பேர்ட்ட கேட்டுக்கிட்டா தைரியமா இருக்கும்ல?"

யாரோ ஒரு விஷமி, அத்திப்பள்ளியைத் தாண்ட பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் நன்னடத்தைச் சான்றிதழும் வேண்டும் என்று எழுதிவிட்டான். இவர் இரண்டையும் எடுத்துக்கொண்டு எல்லைச் சாவடியில் போய் நின்றார். "சார், போட்டோ எங்க ஒட்டணும்?" போலீஸ்காரர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஹோகி, ஹோகி" என்று போகச் சொல்லிக் கையை ஆட்டினார். "கர்நாடகா போலீசு தங்கம்ண்ணே! ஒண்ணுமே கேக்காம விட்டுட்டாங்க" என்று ஒரு வாரம் புகழ்ந்தார்.

குழுவில் அவரை அதிகம் திட்டியவர் கெலமங்கலத்தில் தக்காளி மண்டி வைத்திருந்த பாஷா பாய். "ஏம்பா, போனு உங்க கையிலதான இருக்குது? மேப்ப தொறந்து பாத்தா விரல் தேஞ்சிருமா?" என்று பொரிவார். பொரிந்த சூட்டிலேயே பஸ் நேரத்தையும் போட்டுவிடுவார்.

இப்படி இருக்கையில், தேன்கனிக்கோட்டையைத் தாண்டிக் காட்டோரக் கிராமம் ஒன்றில் எங்கள் சூப்பர்வைசருக்குக் கல்யாணம். விடியற்காலையில் வேன் பிடித்துக் கிளம்பினோம். எப்டிப்போறது வழக்கம்போல் குழுவில் கேட்டார்: "தேன்கனிக்கோட்டை ரோட்டில் யானை வருமா? வந்தால் எத்தனை மணிக்கு வரும்?"

வேனே குலுங்கிச் சிரித்தது. "யானைக்கு என்ன ஷிஃப்ட்டா போட்டிருக்காங்க?" என்றான் ஒருவன். டிரைவர் தன் மேப்பைக் காட்டினார். வழி முழுக்கத் தடங்கல் இல்லாத நீலக்கோடு.

கெலமங்கலத்தை நெருங்கும்போது அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"நான் பாஷா பேசறேன். எங்க இருக்கறீங்க?"

"கெலமங்கலம் வந்துட்டோம் பாய்."

"வண்டிய தாண்ட விடாதீங்க! தக்காளி ஏத்தப் போன எங்க வண்டி இப்பதான் திரும்பி வந்துச்சு. குட்டியோட ரோட்டுலயே நிக்குதுங்க. நேரா மண்டிக்கு வாங்க."

டிரைவர் மேப்பை அணைத்துவிட்டு வண்டியை மண்டிப் பக்கம் திருப்பினார்.

மண்டி வாசலில் பாஷா பாய் காத்திருந்தார். நாங்கள் இறங்க இறங்க ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். கடைசியாக இறங்கியவரைப் பார்த்ததும், "நீங்கதான?" என்று கட்டிக்கொண்டார். "கேள்வி வரலைன்னா எனக்குக் காலையில டீ எறங்க மாட்டேங்குதுப்பா. இன்னிக்கி வந்த கேள்விதான் உருப்படி."

டீ வந்தது, பின்னாலேயே சூடாக இட்லியும் வந்தது. இரண்டு பேரும் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, சின்ன வயதுக் கூட்டாளிகள்போல் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

வனத்துறையினர் யானைகளைக் காட்டுக்குள் விரட்டிய பிறகு கிளம்பினோம். வழியில் ஒரு கார், முன்பக்கம் நசுங்கிக் கிடந்தது. அதில் வந்தவர்கள் புளியமரத்தடியில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. எப்டிப்போறது மட்டும் இறங்கிப் போய்த் தன் தண்ணீர் பாட்டிலை அங்கிருந்த குழந்தையிடம் கொடுத்துவிட்டு வந்தார். தாலி கட்டியதை நாங்கள் பார்க்கவில்லை. பாயசம் மிச்சமிருந்தது.

இப்போது அவருக்குப் புனேயில் வேலை. போன வாரம் குழுவில் கேட்டிருந்தார்: "புனேயில் இட்லி கிடைக்குமா?"

திட்டுவதற்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். நான் அன்று மதியம் முழுக்கத் தேடி, அவர் அறைக்குப் பக்கத்தில் ஒரு கடையைக் கண்டுபிடித்து, சட்னி நன்றாக இருக்குமா என்று அந்தக் கடைக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் பதில் எழுதினேன்.