எழும்பாத சாவி

மேடையில் மூன்றாம் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. நொயெமியின் சாக்ஸபோனில் விரலால் அழுத்தும் சாவிகளில் ஒன்று மட்டும் எழும்ப மாட்டேன் என்று ஒட்டிக்கொண்டது.

கச்சேரிக்குச் சற்று முன், பக்கத்து நாற்காலி கிளாரினெட்காரர் ஆன்செல்ம் கைதவறி அதன்மேல் செர்ரி பியரைக் கொட்டிவிட்டார். பாவம், அவரேதான் துடைத்தும் கொடுத்தார்.

லியேஜ் நகரின் அந்த இசைக்குழுவில் சாக்ஸபோனுக்கு நிரந்தர இடம் கிடையாது. எப்போதாவது கூப்பிடுவார்கள், வாசித்ததும் அனுப்பிவிடுவார்கள். "இன்னிக்கு அசத்திடு, நிரந்தரமா சேர்த்துக்கறேன்" என்று இசை நடத்துநர் சொல்லியிருந்தார். நான்காம் பகுதியில் அவள் தனியாக வாசிக்க வேண்டும்.

"ஐயா, சாவி ஒட்டுது," என்று ஆன்செல்மிடம் கிசுகிசுத்தாள்.

"எல்லாம் என்னாலதான்! இந்தா, சிகரெட் தாள். அடியில வச்சு இழு, ஈரத்தை உறிஞ்சிடும்."

இழுத்தாள். பாதித் தாள் கையோடு வந்தது. மீதி உள்ளேயே தங்கிவிட்டது.

"கிழிஞ்சிடுச்சே!"

"பதறாத. திருகாணியைக் கொஞ்சம் தளர்த்து." ஆன்செல்ம் பையிலிருந்து குட்டித் திருப்புளியை எடுத்து நீட்டினார்.

தளர்த்தினாள். ஸ்பிரிங் துள்ளிப்போய் முரசுகளுக்கு நடுவே விழுந்தது. முன்னால் இருந்த செல்லோக்காரி திரும்பி முறைத்தாள்.

"ரப்பர் பேண்டு போடும்மா, இழுத்துப் பிடிச்சுக்கும்."

அது பிடித்த பிடியில் சாவி ஒரேயடியாகத் திறந்துகொண்டது. எக்காளங்கள் முழங்கும் சாக்கில் மெதுவாக ஊதிப் பார்த்தாள்.

"வெறும் காத்துதான் வருது ஐயா!"

"தைரியமா இரு. நான் பக்கத்துலதானே இருக்கேன்."

நான்காம் பகுதி. வயலின்கள் அடங்கின. நடத்துநரின் கோல் அவள் பக்கம் திரும்பியது. ஊதினாள்.

"ஸ்ஸ்ஸ்ஸ்..."

முன்வரிசையில் ஒருவர், தன் சக்கர நாற்காலியின் டயர்தான் பஞ்சரோ என்று குனிந்து பார்த்தார்.

அந்த நொடியில் பக்கத்திலிருந்து எழுந்தது அவளுடைய மெட்டு. ஆன்செல்ம் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சுரம் பிசகாமல் கிளாரினெட்டில் குழைத்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நடத்துநர் அவரைத் தனியாக எழுப்பி வணங்க வைத்தார். நொயெமியின் பக்கம் திரும்பவே இல்லை.

மேடைக்குப் பின்னால் அவள் ஆன்செல்மின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "வேலை போனா போகட்டும், கச்சேரி மானத்தைக் காப்பாத்திட்டீங்க. இசைக்குறிப்புத் தாள்கூட இல்லாம எப்படி ஐயா வாசிச்சீங்க?"

"அவசரத்துக்கு ஏதோ தோணுச்சும்மா," என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்குள் பூங்கொத்தோடு ஓடிவந்த அவர் மனைவி பெருமூச்சு விட்டாள்: "அப்பாடா, இன்னியோட விட்டுது! ஒரு மாசமா ராப்பகலா இந்த ஒரே மெட்டை வாசிச்சு என் உயிரை எடுத்துட்டாரும்மா!"