முக்கால் அங்குல எழுத்து

"முக்கால் அங்குலம்தான் இருக்கு! சட்டப்படி ஒரு அங்குலம் இருக்கணும்!"

சன்னாரியின் டோனட் கடைக் கதவில் டேப்பை வைத்து அளந்தபடி ராய்ஸ் டாக்கெட் போட்ட சத்தத்தில், உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நேற்றுவரை அந்தக் கதவில் கடை திறக்கும் நேரம் மட்டும்தான் எழுதியிருந்தது. இன்று வெள்ளைப் பலகை ஒன்று தொங்கியது. துப்பாக்கியோடு உள்ளே வரக் கூடாது என்று நீல எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு தடவை, ஸ்பானிஷில் ஒரு தடவை.

டெக்சஸின் அந்தச் சின்ன ஊரில் ராய்ஸை இடுப்புத் துப்பாக்கி இல்லாமல் பார்த்தவர்கள் அவர் மனைவியும் மருத்துவச்சியும்தான் என்று சொல்வார்கள். அந்தத் துப்பாக்கி இதுவரை சுட்டது ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டியை. அதுவும் அவருடைய தொட்டியே.

சன்னாரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கம்போடியாவிலிருந்து வந்து இந்த ஊருக்கே டோனட் சுட்டுப் போட்டுத் தலை நரைத்தவள்.

"நான் என்ன பண்றது மிஸ்டர் ராய்ஸ்? இன்ஷூரன்ஸ்காரங்க மாட்டச் சொல்றாங்க." சொல்லும்போது அவள் கண் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தது.

உள்ளேயிருந்து வெண்டல் குரல் கொடுத்தார். ராய்ஸின் பழைய சிநேகிதர். வாயில் சாக்லேட் டோனட், இடுப்பில் துப்பாக்கி.

"யோவ், உள்ள வாய்யா! எழுத்து சின்னதா இருந்தா அந்தப் பலகை செல்லாது. போலீஸ்காரரே படிச்சுச் சிரிச்சுட்டுப் போனாரு."

"செல்லுமா செல்லாதாங்கறது இல்ல பேச்சு. வராதேன்னு சொன்ன இடத்துல நான் கால் வைக்க மாட்டேன்."

"அப்போ துப்பாக்கிய வண்டியில வச்சுட்டு வா."

"அதுக்கு என் காலையே வண்டியில வச்சுட்டு வரலாம்!"

ராய்ஸ் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். 'என் துப்பாக்கிக்கு இங்கே இடமில்லை என்றால் என் பணத்துக்கும் இங்கே வேலையில்லை.' என்றைக்காவது உதவும் என்று பெட்டி நிறைய அடித்து வைத்திருந்தார். அதைக் கதவிடுக்கில் செருகிவிட்டு, யாராவது கூப்பிடுவார்களா என்று சற்று நேரம் நின்றார். அப்போதுதான் ஓர் ஈடு டோனட் சட்டியிலிருந்து வெளியே வந்தது. வாசனை கதவைத் தாண்டி வந்தது. யாரும் கூப்பிடவில்லை. உண்மையிலேயே வலித்தது.

எண்ணெய்க் கிணற்று வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து காலைப் பொழுது அவருக்குச் சன்னாரி கடை மேஜையில்தான். சர்க்கரைப் பாகு பூசியது ஒன்று, பழக்கூழ் வைத்தது இரண்டு, வழியில் கொறிக்க ஒரு பொட்டலம். ஊர் டாக்டர் இதைப் பற்றி ஒருமுறை முணுமுணுத்தார். சுதந்திர மனிதன் காலையில் என்ன தின்ன வேண்டும் என்று சொல்ல இவர் யார் என்று ராய்ஸ் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். செய்யாதே என்றால் செய்துவிட்டுத்தான் மறுவேலை. வராதே என்றால் ஜென்மத்துக்கும் போக மாட்டார். அவர் சுபாவமே அவ்வளவுதான்.

வீட்டில் நெல்டா விஷயத்தைக் கேட்டுக் கொதித்துப் போனாள்.

"சரியான வேலை பண்ணினே ராய்ஸ். இனிமே அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதே."

ராய்ஸ் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சாப்பாட்டு மேஜையில் துப்பாக்கி எதற்கு என்று கல்யாணமான நாளாகச் சண்டை போடுகிறவள் இவள். ஆனால் பெண்டாட்டி பாராட்டும்போது சந்தேகப்பட எந்தப் புருஷனுக்கு மனசு வரும்?

"நாளைக்கு லோனி கடைக்குப் போறேன். கறி சுடறவன் இந்தக் கூத்துக்கெல்லாம் மசிய மாட்டான். அவங்கப்பனே துப்பாக்கி வியாபாரம் பண்ணினவன்."

"ஓ, லோனி கடையா?" என்றாள் நெல்டா.

மறுநாள் மத்தியானம் லோனியின் கறிக்கடை வாசலில் அதே வெள்ளைப் பலகை, அதே நீல எழுத்து. ராய்ஸ் டேப்பை வைத்தார். முக்கால் அங்குலம்.

லோனி ஏப்ரனோடு வெளியே வந்தான். "மன்னிச்சுக்கோ ராய்ஸ். காலம் மாறிப் போச்சு."

"உன் இடுப்புல தொங்குறது என்னடா?"

லோனி குனிந்து தன் துப்பாக்கியைப் பார்த்துத் திடுக்கிட்டான். "இதுவா? இது... நான் உள்ளேயே இருக்கறவன் இல்லையா? பலகை வர்றவங்களுக்குத்தானே."

ராய்ஸ் விடவில்லை. வண்டியிலிருந்து மடக்கு நாற்காலியை எடுத்துவந்து கடைக்கு எதிரே போட்டு, கையில் தட்டி பிடித்து உட்கார்ந்தார். 'இந்தக் கடையைப் புறக்கணியுங்கள்.' வேடிக்கை பார்க்க வண்டிகள் நின்றன. ஹாரன் அடித்து ஆதரவு தெரிவித்தார்கள். வந்ததுதான் வந்தோம் என்று உள்ளே போய் ஒரு பிடி பிடித்தார்கள். லோனி கடையில் அப்படியொரு கூட்டம் அதுவரை வந்ததில்லை. புகை முழுக்க ராய்ஸின் முகத்துக்கே வந்தது.

வெண்டல் ஒரு தட்டு நிறைய நெஞ்செலும்புக் கறி கொண்டுவந்து நீட்டினார். "பசியோட எதுக்குய்யா போராடறே? இதைத் தின்னுட்டுப் போராடு."

"அவன் கறிய ரோட்டுல உக்காந்து தின்னா அதுக்குப் பேரு போராட்டம் இல்ல, பிச்சை!"

சொல்லிவிட்டுத் தட்டு திரும்பிப் போவதைக் கண் கலங்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டவர்களிடம் புகை என்றார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில், காலையில் ஃபே கடைக்குப் போய்ப் பழப்பணியாரம் தின்னப்போவதாக அறிவித்தார். காலையில் ஃபே கடையில் பலகை.

ராய்ஸின் மூளை சுறுசுறுப்பாக வேலை செய்ய ஆரம்பித்தது. தான் போகப்போகும் இடம் முன்கூட்டியே எப்படித் தெரிகிறது? எவனோ ஒட்டுக் கேட்கிறான். தொலைக்காட்சியின் வயரைப் பிடுங்கிப் போட்டார். கைப்பேசியை மாவு டப்பாவில் புதைத்தார். நெல்டாவைக் குளியலறைக்கு இழுத்துப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் காதில் கிசுகிசுத்தார்.

"நாளைக்கு நெடுஞ்சாலை ஐஸ்கிரீம் கடை. உசிரே போனாலும் வெளிய சொல்லாதே."

"நான் யார்கிட்டச் சொல்லப் போறேன்?"

மறுநாள் ஐஸ்கிரீம் கடையில் பலகையைத் தொட்டபோது விரலில் நீலம் ஒட்டியது. பெயின்ட் இன்னும் காயவில்லை. எதிரி பக்கத்திலேயே இருக்கிறான்! வீட்டுக்கு ஓடிவந்து விரலை நெல்டாவின் ஏப்ரனில் துடைத்தார். சர்ச் சந்தையில் விற்க அவள் மரக் குருவிக் கூடுகளுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். ஏற்கனவே இருந்த நீலத்தோடு அதுவும் சேர்ந்துகொண்டது.

"இனி எங்கதான் சாப்பிடறது?" என்று நாற்காலியில் விழுந்தார்.

நெல்டா தூரிகையைக் கழுவிக்கொண்டே யோசித்தாள். "பலகை மாட்டாத கடைன்னு பாத்தா ட்ரிஸ்டன் கடை ஒண்ணுதான் பாக்கி."

"அந்தக் கீரைக்கடையா? ஆடு மேயற இடம்!"

"உன் இஷ்டம். நம்மள மதிக்கற கடையை நாமதான் வாழவைக்கணும்னு ஊரெல்லாம் பேசினது நீதான்."

அதற்குமேல் என்ன பேச முடியும்? கொள்கை கழுத்தைப் பிடித்துத் தள்ளியது.

ட்ரிஸ்டன் போன வருஷம்தான் கலிபோர்னியாவிலிருந்து வந்தவன். கொண்டை போட்ட இளைஞன். ராய்ஸ் துப்பாக்கியோடு நுழைந்ததும் அவன் கையிலிருந்த வெள்ளரிக்காய் நழுவியது. "வாங்க சார்" என்றான். பச்சைப் பசேலென்று ஒரு கிண்ணம் வந்தது. ராய்ஸ் ஒவ்வோர் இலையாகப் புரட்டிப் பார்த்துத் தின்றார். பக்கத்து மேஜைக்காரர்கள் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு தூரப் போனார்கள்.

மறுநாளும் அங்கேதான். அதற்கடுத்த நாளும். கோடைக்காலம் முழுக்க ராய்ஸ் டாக்கெட் கொள்கைக்காகக் கீரை தின்றார். கவலையில் உடம்பு வற்றிக்கொண்டே போனது. துப்பாக்கி கட்டிய பெல்ட்டில் ஆணி வைத்துப் புதுசு புதுசாக ஓட்டை போட வேண்டியிருந்தது. "பாத்தியா நெல்டா, இந்தச் சதி என்னை எப்படி அரிக்குதுன்னு?" என்பார். நெல்டா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அழுகிறாள் போலும் என்று அவரும் பேச்சை மாற்றுவார்.

சிரமம் தெரியாமல் கடைப் படியேறிய ஒரு நாளில்தான் அவருக்குப் பொறி தட்டியது. துப்பாக்கி என்றாலே நடுங்குகிற கலிபோர்னியாக்காரன் கடையில் மட்டும் ஏன் பலகை இல்லை? மற்ற கடைகளில் எல்லாம் பலகை வந்ததால் யாருக்கு லாபம்? எழுத்து ஒரு அங்குலம் இருக்க வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் எழுதியவன் வெளியூர்க்காரனாகத்தானே இருக்க வேண்டும்?

கடை நிறைந்திருந்த நேரமாகப் பார்த்து மேஜையைத் தட்டி எழுந்தார். கீரை வாங்க வந்து வரிசையில் நின்ற சன்னாரியும் திரும்பிப் பார்த்தாள்.

"ஊர்க்காரங்களே, கேட்டுக்கங்க! எல்லாக் கடைவாசல்லயும் பலகைய மாட்டிட்டு, எதுவும் தெரியாத மாதிரி வெள்ளரிக்காய் நறுக்கிட்டு இருக்கறவன் இவன்தான்!"

விரலை நீட்டிய வேகத்தில் பெல்ட் நழுவி, துப்பாக்கியும் உறையுமாக முழங்காலில் போய் நின்றது. இரண்டு பேர் மேஜைக்கடியில் புகுந்தார்கள். ராய்ஸ் ஒரு கையால் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் விரலை இறக்காமல் நின்றார்.

"நானா?" ட்ரிஸ்டனுக்கு அழுகையே வந்துவிட்டது. உள்ளே ஓடி, உறை பிரிக்காத பலகை ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். "இது நான் கடை திறக்கும்போதே வாங்கினது சார். எழுத்து ஒரு அங்குலம், வேணும்னா அளந்துக்கங்க. நீங்க உள்ள வந்தாலே என் கையில வெள்ளரிக்காய் நிக்காது. தினமும் காலைல இதை மாட்டலாம்னு எடுப்பேன். மாட்டக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாங்க."

"யாரு?"

ட்ரிஸ்டன் சன்னாரியைப் பார்த்தான். கடையில் இருந்த அத்தனை பேரும் சன்னாரியைப் பார்த்தார்கள். ராய்ஸ் அவளிடம் போனார்.

"சன்னாரி, உனக்குத் தெரியும். சொல்லு. என் துப்பாக்கி மேல இந்த ஊர்ல யாருக்கு இவ்வளவு வன்மம்?"

சன்னாரி கீரைப் பையை மேஜையில் வைத்துவிட்டு, முழங்காலில் தொங்கிய துப்பாக்கியையும் வற்றிப்போன வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்க துப்பாக்கி மேல யாருக்கும் ஒரு வன்மமும் இல்ல மிஸ்டர் ராய்ஸ். உங்க ரத்தத்துல ஏறியிருந்த சர்க்கரையைப் பார்த்து டாக்டர் கைய விரிச்சதும், உங்க நெல்டாதான் ராவும் பகலும் உக்காந்து அத்தனை பலகையும் எழுதிக் கடை கடையா வந்து கெஞ்சி மாட்டினாங்க."