குதிரை நாவலை வெட்டிய வரலாறு

மனித அறிவின் வரலாற்றை இனிமேல் இரண்டாகப் பிரித்துப் படிப்பதே முறை. வெள்ளவத்தை குளோபல் சிகரம் சர்வதேசப் பாடசாலை ஒரு குதிரை நாவலைக் கத்தியால் வெட்டுவதற்கு முந்திய காலம். வெட்டியதற்குப் பிந்திய காலம். முந்திய காலத்து மக்கள் புத்தகத்தை முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கம்வரை வாசித்து வீணாய்ப் போனார்கள். அந்த இருளைப் போக்க ஒருவர் வரவேண்டியிருந்தது. வந்தார், பாடசாலைப் பணிப்பாளர் சிவக்கொழுந்து.

சிவக்கொழுந்து கோலாலம்பூரில் நடந்த பயிலரங்கு ஒன்றுக்கு வியாபாரியாகப் போய்க் கல்வியாளராகத் திரும்பியவர். திரும்பிய கையோடு தரம் ஐந்துப் பெற்றோரைக் குளிரூட்டிய அறைக்குள் கூட்டி, 'ஆய்வு மற்றும் எழுத்துத் திறன் விருத்திச் செயற்திட்டம்' என்பதை அறிமுகம் செய்தார். மேசையில் ஒரு நாவல் இருந்தது.

"இது நூற்றைம்பது வருசத்துக்கு முந்தின ஆங்கில நாவல். ஒரு பால்வண்டிக் குதிரை தன்ர கதையைத் தானே சொல்லுது. இருபத்திரண்டு அத்தியாயம். வகுப்பில இருபத்தொரு பிள்ளையள். பிள்ளைக்கு ஒரு அத்தியாயம். அதை வைச்சுப் பிள்ளை தானாகவே ஆய்வு செய்யும், தானாகவே கட்டுரை எழுதும். கடைசியில கண்காட்சி, தங்கப் பதக்கம்."

பாடசாலை வாங்கியது ஒரே ஒரு பிரதி. போட்டோக் கொப்பி எடுத்தால் பதிப்புரிமைக்குப் பங்கம் வரும் என்பதால், சட்டத்தை மதித்து, காலி வீதிக் கொமியூனிகேஷன் கடையில் கலியாண அழைப்பிதழ் வெட்டும் இயந்திரத்தில் கொடுத்து நாவலின் முதுகைச் சீவி எடுத்தார்கள். பிறகு தாள் தாளாக லமினேட் செய்தார்கள். அத்தியாயங்கள் பளபளவென்று வந்தன.

பெற்றோர் வரிசையில் இருந்த அனுஷியா கையை உயர்த்தினாள். கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் நட்டஈட்டுப் பிரிவில் வேலை. எதையும் கேட்டுத் தெளிந்துதான் பழக்கம்.

"சேர், பிள்ளையள் முழுக் கதையையும் வாசிக்க வேண்டாமோ?"

சிவக்கொழுந்து இரக்கத்தோடு சிரித்தார். "மிஸிஸ் தனுஷன், வாசிப்பு வேற, ஆய்வு வேற. வாசிக்கத் தொடங்கினா ஆழம் குறைஞ்சிடும்."

அன்று பின்னேரமே பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் விதி வந்தது. மற்றப் பிள்ளையின் அத்தியாயத்தை வாசிப்பதும் இணையத்தில் நாவலைத் தேடுவதும் 'தகாத அனுகூலம்'. பிடிபட்டால் போட்டியிலிருந்து நீக்கம். இருபத்தொரு அம்மாக்களும் கும்பிடும் கை போட்டு அதை ஏற்றுக்கொண்டார்கள்.

அனுஷியாவின் மகன் மிதுஷனுக்கு வாய்த்தது ஒன்பதாம் அத்தியாயம். பத்து வயசுப் பிள்ளை, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஒரே மூச்சில் வாசித்தான். பனி கொட்டும் விடியற்காலை, ஒரு பாலத்தின் மேல் குதிரை வழுக்கி விழுகிறது. பாற்குடங்கள் உருண்டு ஓடுகின்றன. சனம் கூடுகிறது. 'நான் எழும்பப் பார்த்தேன்' என்று குதிரை சொல்வதோடு அத்தியாயம் முடிந்துவிட்டது.

"அம்மா, குதிரை எழும்பிச்சுதோ?"

"அதை விடு ராசா. அது பத்தாம் அத்தியாயம். எங்களுக்கு வேண்டியது பனி."

அன்றிலிருந்து வீட்டில் ஆய்வு களைகட்டியது. வேலை முடிந்து பஸ்ஸில் நசிபட்டு வந்த அனுஷியா, சேலையை மாற்ற முதல் மடிக்கணினியைத் திறந்தாள். கணவர் தனுஷன் குதிரையின் கால் எலும்புப் படத்துக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்டார். பிள்ளை 'தானாகவே' செய்ய வேண்டிய திட்டம் அல்லவா, ஆகவே பிள்ளைக்கும் வேலை கொடுத்தார்கள். அவன் பசையின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கட்டுரைக்குப் பெயர், 'பனி படர்ந்த மேற்பரப்பில் நாற்கால் விலங்குகளின் சமநிலையிழப்பு'. அதில் பாலத்தின் சாய்வு இருந்தது, லாடத்தின் உராய்வு இருந்தது. சிந்திய பாலுக்கு யார் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தனிப் பிரிவே இருந்தது. எழுத எழுத அனுஷியாவுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது. தன்னுடைய படிப்புக்கு இப்படி உழைத்திருந்தால் இன்றைக்குப் பிரிவுத் தலைவியாக இருந்திருக்கலாம் என்று அவளே சொன்னாள்.

"அம்மா, கட்டுரையில குதிரை எழும்பினதை எழுதினனீங்களோ?"

"விழுந்ததைத்தானே எங்களுக்குத் தந்தவை."

பிள்ளை விடவில்லை. சோறு தின்னும்போது கேட்டான், டியூசனுக்குப் போகும் வழியில் கேட்டான். ஒருநாள் காய்ச்சலில் படுத்தவன் அரைத் தூக்கத்திலும் அதையே கேட்டான். பத்தாம் அத்தியாயம் அவனுடைய சினேகிதன் நப்ரீஸிடம்தான் இருந்தது. ஆனால் நப்ரீஸின் உம்மா லுத்பியா அதை அலுமாரியில் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகி வைத்திருந்தாள். நப்ரீஸே அதைக் கண்டதில்லை. வெள்ளவத்தைச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த லுத்பியாவை அனுஷியா பிடித்தாள்.

"லுத்பியாக்கா, ஒண்டே ஒண்டு. உங்கட அத்தியாயத்தில அந்தக் குதிரை எழும்புதோ?"

லுத்பியா சுற்றுமுற்றும் பார்த்தாள். "சொல்லேலா தங்கச்சி. போட்டி முடியட்டும்."

"பிள்ளை கேட்டுக் கேட்டுச் சாகிறான் அக்கா."

"சத்தியமா எனக்கும் தெரியா. பால்ல கல்சியம் எவ்வளவு இரிக்கிண்டு எழுதி முடிக்கவே நேரம் பத்தல்ல. அத்தியாயத்த எங்க வாசிக்கிற?"

ஆய்வின் ஆழம் அப்படி. இருவரும் ஆளுக்கொரு கிலோ கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு கலைந்தார்கள்.

கண்காட்சி பம்பலப்பிட்டியில் வாடகை மண்டபம் ஒன்றில் நடந்தது. பிள்ளைக்கொரு பலகை. பலகையின் நடுவில் அந்தந்த அத்தியாயத்தின் தாள்கள், சுற்றிவர ஆய்வு, ஓரத்தில் கழுத்துப்பட்டி இறுக்கிய பிள்ளை. ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி ஒருவர் நடுவராக வந்து, அனுஷியா எழுதிய நட்டஈட்டுப் பிரிவின் முன்னால் நெடுநேரம் நின்றார்.

"மகனுக்கு என்ன வயசு?"

"பத்து, சேர்."

"பத்து வயசில மூன்றாம் தரப்புப் பொறுப்பு."

"அவருக்குச் சின்னனில இருந்தே அதில ஆர்வம், சேர்."

நடுவர் மனம் உருகித் தலையை ஆட்டிக்கொண்டு நகர்ந்தார். பிரமுகர்களின் பேச்சுகள் மூன்று மணித்தியாலம் நீண்டு முடிந்தபின், தங்கப் பதக்கம் மிதுஷனுக்கு என்று ஒலிபெருக்கி அறிவித்தது. கைதட்டல் ஓய்ந்தது. மேடைக்கு யாரும் வரவில்லை. அப்போதுதான் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பலகைகளின் ஓரத்தில் ஒரு பிள்ளைகூட இல்லை. நடுவில் இருந்த அத்தியாயங்களும் இல்லை. அம்மாக்களின் ஆய்வு மட்டும் அசையாமல் நின்றது.

அனுஷியா பதறிக்கொண்டு மண்டபம் முழுக்கத் தேடி, மேடைக்குப் பின்புறப் படிக்கட்டுக்கு ஓடினாள். அங்கே தரம் ஐந்து முழுவதும் குந்தியிருந்தது. கழற்றிய தாள்களை அத்தியாய வரிசையில் அடுக்கி நதா என்ற பிள்ளை உரத்து வாசிக்க, மற்றவர்கள் மூச்சுக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நப்ரீஸின் தலை மிதுஷனின் தோளில் கிடந்தது.

"அப்பு, உன்னை மேடைக்குக் கூப்பிடீனம்."

"ஸ்ஸ். கொஞ்சம் பொறுங்கோ அம்மா."

அவள் குனிந்து அவன் காதுக்குள் கேட்டாள். "எழும்பிச்சுதோ?"

"ஓம். பால்காரர் தன்ர கோட்டைக் கழட்டிப் போத்திவிட்டவர். ஆனா பிறகு வித்துப்போட்டினம். இப்பக் கப்பலில ஏத்தீனம்."

மாதக்கணக்கில் அந்தக் குதிரையோடு மாரடித்தவளுக்கு அது ஒரு குதிரை என்பது அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. அப்பாடா, எழும்பிவிட்டது. சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. புதுச் சேலையோடு படியில் குந்திவிட்டாள்.

இருபத்தோராம் அத்தியாயம் முடிந்தது. கப்பல் எங்கே போகிறது என்று குதிரைக்குத் தெரியவில்லை. நதா அடுத்த தாளைத் தேடும்போது சிவக்கொழுந்து வந்து சேர்ந்தார்.

"என்ன நடக்குது இஞ்ச? இது ஆய்வுக் கண்காட்சி. ஆர் உங்களை வாசிக்கச் சொன்னது?"

"சேர், கடைசி அத்தியாயம் எங்க?" நதா கேட்டாள்.

"அது மிஞ்சினதுதானே மகள். லமினேட் மெசின்ர சூடு சரியோ எண்டு அதைப் போட்டுத்தான் பார்த்தது. கருகிப் போச்சு."

"அதில என்ன இருந்தது சேர்?"

"முடிவு சிலபஸில இல்லை."

அனுமதியின்றி வாசித்த குற்றத்துக்காக இருபத்தொரு பிள்ளைகளுக்கும் புள்ளி வெட்டப்பட்டது. பதக்கத்தில் மட்டும் கைவைக்கவில்லை. அந்தக் கட்டுரைக்கும் பிள்ளைக்கும் எந்தத் தொடர்பும் இல்லாதபடியால் கட்டுரை குற்றமற்றது என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அனுஷியா கைபேசியை எடுத்தாள். "போட்டி முடிஞ்சுது. முடிவை இதில தேடிப் பார்ப்பமோ?"

"வேண்டாம் அம்மா. நான் எழுதப்போறன்."

எழுதினான். நாக்கைக் கடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு பக்கம். கப்பல் கொழும்புக்கு வருகிறது. குதிரைக்கு இங்கே பனி இல்லை என்பது பெரிய நிம்மதி. கொட்டாஞ்சேனையில் யாரோ அதற்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். அது கடற்கரையோடு நடந்து வெள்ளவத்தைக்கு வந்து, ரயிலைப் பார்த்து, 'இவ்வளவு பெட்டியையும் தனிய இழுக்கிறாயே, விழுந்தால் உனக்கு யார் கோட்டுப் போர்த்துவது?' என்று கேட்கிறது.

முதல் வரியிலேயே மூன்று எழுத்துப் பிழை. அனுஷியாவின் கை துருதுருத்தது. 'ரயில்' என்ற இடத்தில் 'புகையிரதப் போக்குவரத்து வலையமைப்பு' என்று போட்டால் எவ்வளவு எடுப்பாக இருக்கும். கையை மடக்கிக்கொண்டு திரும்பவும் வாசித்தாள். கண் நிறைந்துவிட்டது. ஒரு எழுத்தையும் தொடாமல் பாடசாலைச் சஞ்சிகைக்கு அனுப்பிவைத்தாள்.

அடுத்த கிழமை பணிப்பாளரின் அறைக்கு வரும்படி அழைப்பு வந்தது. அனுஷியா பெருமையோடுதான் போனாள். சிவக்கொழுந்து அந்தத் தாளை இரண்டு விரலால் பிடித்திருந்தார். முகம் செத்தவீட்டு முகமாக இருந்தது.

"மிஸிஸ் தனுஷன், மறைக்காமல் சொல்லுங்கோ. வீட்டில ஏதும் பிரச்சினையோ? உங்களுக்கு வேலை கூடவோ?"

"இல்லையே சேர். ஏன்?"

"தங்கப் பதக்கம் எடுத்த பிள்ளை. அந்தத் தரம் எங்க, இது எங்க. இதை நாங்கள் எப்பிடிச் சஞ்சிகையில போடுறது?" அவர் தாளை மெதுவாக அவள் பக்கம் தள்ளினார். "வாசிச்சுப் பாருங்கோ. ஒரு பிள்ளை எழுதின மாதிரி இருக்கு."