நாற்பத்தொன்பது அங்குல மஸ்கி

பெட்டியின் ஒரு முனை கிழிந்து மீன்வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வெர்லின் கடைக்குள் நுழையும்போதே அதைப் பார்த்துவிட்டார். அவருக்கு முன்னாலேயே டெல்மர் பார்த்துவிட்டார் என்பதுதான் தொல்லை.

மலைமேல் இருக்கும் வீடுகளுக்குப் பார்சல் வண்டி ஏறாது. எல்லார் பெட்டியும் டெல்மரின் தூண்டில் கடையில்தான் இறங்கும். வெர்லினுக்கு அந்த ஞாபகமே இல்லாமல் போயிற்று.

“யோவ் வெர்லின்! கமுக்கமா இருந்து காரியத்தைச் சாதிச்சுட்டியேய்யா!” டெல்மர் பெட்டியைப் பிரித்தே விட்டார். “எத்தனை இன்ச்சு?”

“நாப்பத்தொம்பது,” என்றார் வெர்லின். அதில் மட்டும் பொய் இல்லை. மீன் உருவம் செய்துதரும் ஓப்பலிடம் அவர் சொன்ன அளவு அதுதான்.

கேனி ஏரிக்காரர்கள் மஸ்கி என்ற அந்தப் பெரிய வேட்டைமீனைக் கொல்வதில்லை. பிடித்து, அளந்து, தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். நீளத்தையும் சுற்றளவையும் சொன்னால், பக்கத்து மாவட்டத்து ஓப்பல் ஃபைபரில் அதே மீனைச் செய்து வர்ணம் பூசி அனுப்புவார். வெர்லின் இந்த மீனைப் பிடிக்கவே இல்லை. பதினெட்டு வருஷமாகப் போகிறார், ஒரு மஸ்கிகூட அவர் கைக்கு வந்ததில்லை. வரும் ஏப்ரலில் தோளில் ஆபரேஷன். அதற்குப் பிறகு தூண்டில் வீசுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். படுக்கையில் கிடக்கும்போது பார்த்துக்கொண்டிருக்க ஒரு மீனாவது இருக்கட்டுமே என்று ஆசைப்பட்டார். அவ்வளவுதான்.

“எங்க புடிச்ச? எப்போ?”

வெர்லினுக்கு நல்ல இடம் தெரியும். வடகரையில் ஓடை வந்து சேரும் மூலை, மூழ்கிக் கிடக்கும் மரங்களுக்கு நடுவே, மழை விட்ட மூன்றாம் நாள், சாயங்கால வெயில் தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கியிருக்கும் நேரம். போன மார்ச்சில் ஒரு மஸ்கி அவருடைய தூண்டிலைத் தொட்டுத் தொடர்ந்து படகு வரைக்கும் வந்தது. ஒரு கை தூரத்தில் நின்று அவரைப் பார்த்தது. பிறகு போய்விட்டது. அந்தப் பார்வைக்காகவே அவர் ஒரு வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்தார். அந்த இடத்தை டெல்மருக்குச் சொல்வதா?

“குளிக்கிற மணல்கரை,” என்று வாயில் வந்ததைச் சொன்னார். “உச்சிவெயில்ல.”

ஜூலையில் பிள்ளைகள் கும்மாளமடிக்கும் கரை அது. முழங்கால் தண்ணீர், வெறும் மணல். பிப்ரவரியில் அங்கே ஒரு தவளைகூட உட்காராது.

“மணல்கரையா!” டெல்மர் வாயைப் பிளந்தார். “எவனுக்கும் தோணலையே!”

மீனை அவர் திருப்பித் தரவில்லை. கல்லாவுக்கு மேலே மாட்டி, அடியில் வெர்லினின் பெயரையும் எழுதிவிட்டார்.

“வீட்டுக்குக் கொண்டு போறேன்யா.”

“ஊருக்கே பெருமை, உன் படுக்கையறையில வச்சு யாருக்குக் காட்டப்போற?”

பத்தே நாளில் டெல்மர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “புடிச்சுட்டேன்யா! மணல்கரை! உச்சிவெயில்! நீ தெய்வம்யா!”

வெர்லின் பிடியை விலக்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தார். “நெஜமாவா?”

“பின்ன? அளந்து விட்டுட்டேன். போட்டோ ஓப்பல்கிட்ட போயிடுச்சு. உன்னுது மாதிரி வருமா, ஏதோ சுமாரா ஒண்ணு.”

அடுத்த வாரம் மர ஆலை ராய்ஸ் பிடித்தார். அதற்கடுத்த வாரம் பாஸ்டர் ஜென்ட்ரி பிடித்தார். இந்தக் கூத்தை நிறுத்தப் பார்த்து, “அங்க மீன் தீர்ந்து போச்சு, போகாதீங்க” என்றார் வெர்லின். ஆள் இடத்தை மறைக்கிறார் என்று ஊர் முடிவு கட்டியது. மறுநாள் மணல்கரையில் ஒன்பது மடக்கு நாற்காலிகள். சர்ச் மீன் விருந்தில் அவரை மேடையேற்றி, ‘மஸ்கி எங்கே, எப்போது’ என்று பேசவும் வைத்தார்கள். பாஸ்டரே முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் வெர்லின் பெரிய தூண்டிலைத் துடைக்க ஆரம்பித்தார்.

“எங்க கெளம்பிட்டீங்க?” என்று கேட்டாள் மனைவி நெல்டா. அவளுக்கு எல்லாம் தெரியும்.

“மணல்கரைக்கு.”

“ஏங்க, நீங்க விட்ட புருடாவுக்கு நீங்களே போய் நிக்கப்போறீங்களா?”

“மூணு பேர் புடிச்சிருக்காங்க நெல்டா. டெல்மரை விடு. பாஸ்டர் பொய் சொல்வாரா?”

நெல்டா உள்ளே போய் அவருடைய தொப்பியை எடுத்து வந்து கொடுத்தாள்.

மழை விட்டு மூன்றாம் நாள் வந்தது, போனது. வடகரையில் சாயங்கால வெயில் விழுந்த நேரமெல்லாம் வெர்லின் தோளில் ஐஸ் பை வைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தார். உச்சிவெயிலில் மணல்கரையில் வீசி வீசி அந்தத் தோள் வீங்கியிருந்தது. நாளுக்கு இருநூறு தடவை வீசினார். பாசி வந்தது. ஒரு பிள்ளையின் செருப்பு வந்தது. மஸ்கி வரவில்லை.

மூன்று மீன்களும் ஓப்பலிடமிருந்து வந்து, அவருடையதற்குக் கீழே வரிசையாக ஏறின. அவர் பொய்யாகச் சொன்ன இடத்தில் ஊரே பிடிக்கிறது, அவருக்கு மட்டும் இல்லை. அந்தக் கண்கள், அந்தப் பச்சை முதுகு, ஒரு தடவை இரண்டு கையாலும் ஏந்தித் தண்ணீரில் விட்டால் போதும். வேறு எதையும் அவர் கேட்கவில்லை. அதுகூட இந்த ஜென்மத்தில் கிடைக்காதா?

ஆபரேஷனுக்கு நாலு நாள் இருக்கும்போது அவருக்கு அந்த யோசனை வந்தது. மஸ்கிக்காரன் எவனும் போட்டோவில் மீனை மட்டும் பார்ப்பதில்லை, மீனுக்குப் பின்னால் தெரியும் கரையையும் மரத்தையும் பார்ப்பான். மூன்று போட்டோக்களும் ஓப்பலிடம்தான் இருக்கும். எந்த இடத்தில் நின்றார்கள், நிழல் எந்தப் பக்கம் விழுந்தது என்று பார்த்துவிட்டால் போதும்.

ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். ஓப்பல் ஒரு மீனின் செவுளுக்குச் சிவப்பு பூசிக்கொண்டிருந்தார்.

“வாங்கண்ணே. கைக்கு என்ன?”

“அதை விடு தாயி. டெல்மர், ராய்ஸ், பாஸ்டர், அந்த மூணு பேர் போட்டோவை ஒரு தடவை காட்டேன்.”

“எதுக்கு?”

வெர்லின் தொப்பியைக் கழற்றினார். இத்தனை நாள் நெல்டாவைத் தவிர யாரிடமும் சொல்லாததை அங்கே நின்று சொல்லிவிட்டார்.

“நான் புடிக்கவே இல்ல தாயி. நாப்பத்தொம்பதுன்னு சொன்னது சும்மா, ஆசைக்கு. மணல்கரையும் பொய்தான். ஆனா அவங்க மூணு பேருக்கும் அங்க கெடைச்சிருக்கு. எங்க நின்னாங்கன்னு பார்த்துட்டேன்னா, இருக்கிற நாலு நாள்ல நானும் ஒண்ணைப் புடிச்சுடுவேன். என் வாழ்க்கையில ஒரே ஒண்ணு. அதுக்கு மேல கேக்க மாட்டேன்.”

ஓப்பல் தூரிகையைக் கீழே வைத்தார்.

“போட்டோ ஏதுண்ணே? மூணு பேரும் தனித்தனியா வந்து, கதவைச் சாத்திட்டு, ஒரே விஷயத்தைத்தான் சொன்னாங்க: ‘வெர்லின் மீனைவிட ஒரு இன்ச்சு கம்மியா செஞ்சு குடும்மா, அந்த மனுஷன் ஒருத்தன்தான் நெஜமாவே புடிச்சவன்’னு.”