செட்டிங்ஸ் கோப்புக்குக் கற்பூரம்

வண்ணார்பேட்டையில் அல்வாவுக்கு நிற்கிற கூட்டம் தெரியும். அங்கேயே ஒரு வீட்டின் முன்னால் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிற கூட்டத்தைப் பார்த்ததுண்டா? அத்தனை பேரும் பொறியாளர்கள். செருப்போடு மூளையையும் வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள்.

உள்ளே ‘கணினிச் சித்தர்’ ஆவுடைநாயகம். நிரல் எழுதுகிறவர்கள் கறுப்புத் திரையில் கட்டளை தட்டி ஓட்டுகிற ஒரு கருவி உண்டு. அது எப்படி நடக்கவேண்டும் என்று ஒரு செட்டிங்ஸ் கோப்பில் எழுதிவைப்பார்கள். “அந்தக் கோப்புக்குத் தலையில பிள்ளையார் சுழி போடாம ஆரம்பிச்சா வெளங்குமாவே?” என்று சித்தர் வாட்ஸ்அப்பில் முழங்கினார். ஊரே ‘உ’ போட்டது. கருவியெல்லாம் படுத்துக்கொண்டது. தோஷம்! சித்தர் கணினியைத் திரைச்சீலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கற்பூரம் காட்டித் தருவார். கருவி எழுந்து ஓடும். சுழி எங்கே என்று கேட்டால், “பிள்ளையார் ஏத்துக்கிட்டாரு!”

சுழி போட்டவர்களில் கொம்பையாவும் ஒருவன். பெங்களூர்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். சாயங்காலத்துக்குள் வேலையை அனுப்பாவிட்டால் சீட்டுக் கிழியும். சித்தரோ, “ஒனக்கு ராகு உக்கிரம்லே. அம்மா கம்மலக் காணிக்கையா வச்சாத்தான் எறங்கும்” என்றுவிட்டார். கம்மல் சட்டைப்பையில். அவன் வரிசையில்.

கூட வேலை பார்க்கிற ஹம்ஸினி, சேதி கேட்டு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள்.

“ஏ கொம்பையா, செவப்பு எழுத்துல என்னமோ காட்டுதே, வாசிச்சியா?”

“செவப்புன்னா சாமி குத்தம்லா?”

“கிறுக்கா! மொத வரி, மொத எழுத்து புரியலன்னு சொல்லுது.”

“ஏட்டி, சித்தருட்ட வெளையாடாத!” என்று கூட்டம் சீறியது.

அவள் நேரே சித்தரிடம் போனாள். “அண்ணாச்சி, மந்திரம் சொல்லுங்க. கணினி எங்க கண்ணு முன்னால இருக்கட்டும். நீங்க தொடப்பிடாது. அம்புட்டுதான்.”

சித்தர் சொன்னார். உரக்கச் சொன்னார். கற்பூரம் தட்டு நிறைய எரிந்தது. வியர்வை வந்தது, கருவி வரவில்லை.

ஹம்ஸினி அந்த ‘உ’வை அழித்துக் கட்டளையைத் தட்டினாள். ஓடியது. பக்கத்தில் நின்றவர் கணினியிலும் அழித்தாள். அதுவும் ஓடியது.

“சீலைக்குப் பின்னால இதத்தான் செஞ்சியளோ?”

“அது… பிள்ளையார் என் விரல் வழியா…”

“எங்கிட்ட மட்டும் காணிக்கை கேக்காம வந்துட்டாரே!”

கூட்டம் திரும்பிப் பார்ப்பதற்குள் சித்தர் வேட்டியை மடித்துக்கொண்டு கொல்லைப்புறமாக ஜீவசமாதி தேடி ஓடினார். கொம்பையா அங்கேயே தரையில் உட்கார்ந்து வேலையை முடித்து அனுப்பினான்.

என்ன கோளாறு என்று கருவியே முகத்துக்கு நேரே எழுதிக் காட்டுகிறது. எந்தச் சாமியார் உங்களிடம் இத்தனை நேர்மையாகப் பேசியிருக்கிறார்? வாசிக்கத்தானே ஐயா படித்தீர்கள்!