ஒன்பதரைக் கிலோ காணாமல் போன விவரம்

மாயாபந்தர்,
ஆகஸ்டு 9

பாசமுள்ள அமுதம் அக்காவுக்கு,

கடலுக்கு இந்தப் பக்கமிருந்து தம்பி ஜேசுதாசன் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கு நானும் பிரிஸ்கில்லாவும் சுகம். போர்ட் பிளேரில் படிக்கும் மகள் ஜோஸ்லினும் சுகம். முட்டத்தில் நீயும் அத்தானும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். இதில் "நான் சுகம்" என்ற இடத்தை மட்டும் நீ இரண்டு தடவை வாசிக்க வேண்டும். ஏனென்றால் போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் கோவிலில் நோயாளிகளுக்கான பூசையில் என் பெயரைச் சாமியார் வாசித்தாராம். இங்கே ஒரு ஞானஸ்நான வீட்டில் எடுத்த போட்டோவில் என் சட்டை தொளதொளவென்று கிடந்ததைப் பார்த்து நீதான் பெயர் கொடுத்தாயாம். போனில் விளக்கலாம் என்று மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் "எனக்க தம்பி போச்சே" என்று நீ அழுது முடிப்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். கடிதத்துக்கு நடுவில் நீ அழுதாலும் அது பாட்டுக்கு இருக்கும்.

எனக்குச் சீக்கு எதுவும் இல்லை. நானாகத்தான் மெலிந்தேன். அதை முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் பாசஞ்சர் போட்டை ஜெட்டியில் அணைத்துக்கொண்டிருந்தேன். கயிறு போடுகிற ஆள் லீவு. சுக்கானை இன்ஜின் டிரைவர் இராமகிருஷ்ணனிடம் கொடுத்துவிட்டு நானே கயிற்றோடு ஜெட்டிக்குத் தாவினேன். இருபத்தாறு வருஷம் செராங்காக இருந்து போட் ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு தாவலா என்று நினைத்தேன். கால் எட்டியது, வயிறு எட்டவில்லை. ஜெட்டி விளிம்பில் பாதியும் கடலுக்கு மேல் பாதியுமாகத் தொங்கினேன். பாசஞ்சர் நான்கு பேர் ஓடிவந்து, ஆனைத் திருக்கை மீனைக் கரையேற்றுவது போல ஏலேலோ போட்டு என்னை இழுத்தார்கள். வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், கால் மணி நேரம் எனக்கு மூச்சு திரும்பவில்லை. மறு வாரமே வருஷாந்தர மெடிக்கல் வந்தது. டாக்டர் சின்னப் பெண், ஜோஸ்லினைவிட நாலைந்து வயது கூட இருக்கும். மெஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அங்கிள், ஏக் சௌ சார் கிலோ! தீன் மஹீனா டைம் தேதி ஹூம். பச்சானவே கே அந்தர் ஆவோ, நஹி தோ அன்ஃபிட்."

நூற்று நான்கு கிலோ. மூன்று மாதத்தில் தொண்ணூற்றைந்துக்குள் வராவிட்டால் கடல் வேலைக்குத் தகுதி இல்லை, கரையில் ஏதாவது வேலை போடுவார்கள் என்று அதற்கு அர்த்தம். அக்கா, சுக்கான் பிடித்த கையால் கரையில் நான் எதைப் பிடிப்பேன்? அன்று வீட்டுக்கு வந்து யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பிரிஸ்கில்லா வைத்த சோற்றை அப்படியே தள்ளினேன். "இஞ்ச பாரும், சோத்தத் தள்ளுத ஆளா நீரு? என்ன சங்கதி?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜோஸ்லின்தான் போனில் என்னை ஒரு கூட்டத்தில் சேர்த்துவிட்டாள். அதற்குப் பெயர் "இடுப்பைத் தேடி". இருநூற்றுப் பதினான்கு பேர். மதுரை, கரூர், துபாய் என்று எங்கெங்கோ இருந்துகொண்டு எல்லோரும் அவரவர் இடுப்பைத் தேடுகிறார்கள். தென்காசியில் ரிட்டயரான விஜயலட்சுமி டீச்சர்தான் தலைவி. திங்கட்கிழமை எடை போட்டோ, தினமும் தட்டு போட்டோ, எத்தனை அடி நடந்தோம் என்ற கணக்கு, எல்லாம் மாலை ஏழு மணிக்குள் போட வேண்டும். மூன்று நாள் போடாவிட்டால் பெயர் வெட்டு. எடை பார்க்க வீட்டில் மெஷின் ஏது? ஜெட்டியில் சரக்கு நிறுக்கும் மெஷினில் ஏறி நின்றேன், இராமகிருஷ்ணன் போட்டோ எடுத்தான். அவன் என் முகத்தை விட்டுவிட்டு நம்பரையும் பக்கத்திலிருந்த மீன் பெட்டியையும் எடுத்திருக்கிறான். துபாய்க்காரர் ஒருவர், "அண்ணே, 104 கிலோவா! என்ன மீன்? துண்டு போட்டுத் தருவீங்களா?" என்று கேட்டிருந்தார். "நான்தான்" என்று பதில் போட்டேன். அதற்கு எழுபது பேர் கைதட்டினார்கள்.

சாப்பாட்டுப் பட்டியலும் வந்தது. கீரை, காரட், முட்டைகோஸ், ஓட்ஸ். தேங்காய் கூடவே கூடாது. ஜூன் மாசக் கடலில் மெயின்லேண்ட் கப்பல் பத்து நாளாக வரவில்லை. மார்க்கெட்டில் காரட் என்ற சொல் மட்டும் மிச்சமிருந்தது. இருந்ததெல்லாம் மீன், வாழைக்காய், தேங்காய். தேங்காய் இல்லாத குழம்பை பிரிஸ்கில்லா முதல் நாள் வைத்தபோது நாங்கள் இருவரும் துக்க வீடு போல உட்கார்ந்து சாப்பிட்டோம். கீரைக்கு வழியில்லாமல் வேலியிலிருந்த முருங்கையை ஒடித்தேன். எட்டாம் நாள் அவள் வாசலில் நின்று, "மரத்துல ஒரு இலை இல்ல. நீரு செராங்கா, ஆடா?" என்றாள். அந்தத் தட்டையும் போட்டோ எடுத்துப் போட்டேன்.

இனிச் சொல்வதை அத்தானிடம் வாசித்துக் காட்டாதே. அடி எண்ணும் கணக்கு போனிலேயே இருக்கிறது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தால் அதுவே எண்ணிக்கொள்ளும். நான் போட்டில் சுக்கானைப் பிடித்து நிற்கிறேன், மழைக்காலக் கடல் போட்டைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. மாலையில் பார்த்தால் முப்பத்தோராயிரம் அடி! யோசிக்காமல் போட்டுவிட்டேன். மறுநாள் இருபத்தெட்டாயிரம். சனிக்கிழமை என் போட்டோவைச் சுற்றிப் பூ வைத்து, "இந்த வார நடை நாயகன்: அந்தமான் ஜேசுதாசன்" என்று டீச்சர் அறிவித்தார். இருநூறு பேர் வாழ்த்து. ஒரு அம்மா தன் வீட்டுக்காரரை என் போட்டோவுக்கு முன் நிறுத்தித் திட்டியதாக எழுதியிருந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. மெஷினில் எடையோ அரைக் கிலோகூட அசையவில்லை. இப்படியே போனால் கூட்டத்தில் நாயகன், ஜெட்டியில் அன்ஃபிட்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தால் சிக்னல் இல்லை. காற்று மழையில் எங்கள் பக்கத்து டவர் கெட்டுப்போயிருந்தது. வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் டாங்க் மேடு இருக்கிறது, அதன் உச்சியில் மட்டும் கிடைக்கும் என்றார்கள். ஏறினேன். வழியெல்லாம் சேறு, காலெல்லாம் அட்டை. ஐந்து இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, முக்கால் மணி நேரத்தில் உச்சிக்குப் போய் எழுதினேன்: "மன்னிக்கவும். நான் நடக்கவில்லை. கடல்தான் நடந்தது. நான் சும்மா நின்றேன்." அனுப்பிவிட்டு, பெயரை வெட்டுவார்கள் என்று காத்திருந்தேன்.

முதலில் கரூர் வேலாயி அக்காவின் குரல் வந்தது. "தம்பீ, நானும் ஒன்னு சொல்லிப்போடறனுங். எம்பட போனு பேத்தி தொட்டில்லதானுங் கெடந்துச்சு. அவ தூங்குனா எனக்குப் பத்தாயிரம் அடிங்." அதற்குப் பின்னால் ஒருவர் நாய்க் கழுத்தில் கட்டினேன் என்றார், இன்னொருவர் தையல் மெஷின் மிதியில் என்றார். கடைசியாக டீச்சர் பேசினார். "எல்லாருமா சேந்து நல்லாத்தான் நடந்திருக்கோம். சரி, சவத்த விடுங்க. நாளையில இருந்து அவங்கவங்க காலு. ஜேசுதாசன் சார், மேடு ஏறித்தான் இதச் சொன்னீங்களா? அப்ப தினமும் ஏறியே சொல்லுங்க."

டவரைச் சரிசெய்ய ஆறு வாரம் ஆனது, அக்கா. ஆறு வாரமும் நான் ஏறினேன். மழையில் குடையோடு ஏறினேன். குடை போன பிறகு தலையில் கோணியோடு ஏறினேன். அட்டைக்குப் பயந்து காலுக்கு உப்பும் புகையிலையும் தேய்த்துக்கொண்டு ஏறினேன். மேலே போனால் இருநூற்றுப் பதினான்கு பேரும் எனக்காகக் காத்திருப்பது போல இருக்கும். "அந்தமான் வந்தாச்சு" என்று யாராவது போடுவார்கள். அந்த ஒரு வரிக்காக ஏறினேன் என்று சொன்னாலும் பொய்யில்லை. நடுவில் இராமகிருஷ்ணன் மகள் கல்யாணம் வந்தது. இரண்டு தட்டு பிரியாணி என்று நினைவு; பிரிஸ்கில்லா நான்கு என்கிறாள். மறுநாள் மெஷினில் ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. வெறுத்துப் போய், "என் பெயரை எடுத்துவிடுங்கள்" என்று எழுதலாம் என்றால் அதை அனுப்பவும் மேடுதான் ஏற வேண்டும். ஏறுவதற்குள் எழுத வந்தது மறந்து, "இன்று நாற்பது நிமிஷம்" என்று போட்டுவிட்டு இறங்கினேன். அதற்கு அடுத்த நாள் பார்க்கிறேன், பிரிஸ்கில்லா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். "கரையில உம்மள வச்சிட்டு முழு நேரமும் என்னால ஆவாது. நடவும்!" ஒரு தடவைகூட அவள் உட்காரவில்லை. அவளுக்கு முன் உட்கார எனக்கும் ரோஷம் விடவில்லை. கடைசி வாரம் ஒரே மூச்சில் இருபத்திரண்டு நிமிஷம்.

ஜூலை முப்பதாம் தேதி மெடிக்கல். செருப்பைக் கழற்றினேன், பெல்ட்டைக் கழற்றினேன், கழுத்து ஜெபமாலையைக் கழற்றப் போனபோது டாக்டர், "அங்கிள், பஸ் கரோ" என்று போதுமென்று நிறுத்தினாள். தொண்ணூற்று நான்கரை. அவள் தாளில் எழுதி முடிக்கும்வரை நான் மெஷினை விட்டு இறங்கவில்லை. மறுநாள் காலை போட்டை எடுத்து ஜெட்டிக்கு வெளியே சானலைத் தாண்டியதும், யாருக்கும் கேட்காமல் ஒரு பாட்டம் அழுதேன். இராமகிருஷ்ணன் இன்ஜின் அறையிலிருந்து தலையை நீட்டி, "க்யா ஹுவா செராங் ஸாப்?" என்றான், என்ன ஆச்சு என்று. கண்ணில் சாரல் என்றேன். மழையே இல்லை.

ஆகவே அக்கா, நோயாளி பட்டியலில் இருந்து என் பெயரை எடுத்துவிட்டு, அதே காணிக்கைக்கு ஒரு நன்றிப் பூசை வைத்துவிடு. வேலாயி அக்கா பெயரையும் சேர்த்து வாசிக்கச் சொல். அவர் வேற்று மதம், ஆனாலும் மாதா கோபிக்க மாட்டாள். அத்தானுக்கு என் வணக்கம். எதிர்வீட்டுக்காரர்கள் என்னைப் பற்றி விசாரித்தால் கடிதத்தைக் காட்டு, போட்டோவைக் காட்டாதே. கடல் மாதா உங்கள் இருவரையும் கரையில் வைத்துக் காக்கட்டும்.

உன் தம்பி,
ஜேசுதாசன் (94½ கிலோ)

பின் குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் ஆபீசிலிருந்து ஆள் வந்தான். போட்டுக்கு சர்வே நடந்ததாம். செராங் ஃபிட், போட் அன்ஃபிட். அடித்தட்டு அரித்துவிட்டதால் எட்டு மாதம் போர்ட் பிளேரில் பழுதுபார்க்கிற டாக்கில் கிடக்க வேண்டுமாம், நானும் கூடப் போய் அதற்குக் காவல் இருக்க வேண்டுமாம். எட்டு மாதமும் நாற்காலிதான், அக்கா. தங்க இடம் அந்த ஊரிலேயே புரோத்ராபூரில். அங்கே வீட்டுக்குள் படுத்துக்கொண்டே நல்ல சிக்னல் கிடைக்கிறதாம். இனி மேடு ஏற ஒரு சாக்கும் இல்லை. அங்கு பக்கத்தில் நல்ல மேடு ஏதாவது இருக்கிறதா என்று ஜோஸ்லினிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.